பிரசவ நேரத்தில் குழந்தையின் துடிப்பு: குழாயா, டாப்ளரா, பெல்ட்டா?

என் அண்ணன் மகளுக்கு இது 37வது வாரம். போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் போன் பண்ணினாள். அவள் காட்டிக்கொண்டிருக்கும் தனியார் மருத்துவமனையில், வலி வந்து அட்மிட் ஆனதிலிருந்து குழந்தை வெளியே வரும்வரை, துடிப்பைப் பதிவுசெய்யும் சி.டி.ஜி. மெஷினின் பெல்ட்டை வயிற்றில் கட்டியே வைத்திருப்போம், அதுதான் பாதுகாப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய தோழிக்கு இரண்டு மாதம் முன்னால் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். அங்கே பெல்ட்டே இல்லை, நர்ஸ் அவ்வப்போது வந்து டாப்ளர் என்ற கையடக்க மெஷினை வயிற்றில் வைத்துக் கேட்டு, எழுதிக்கொண்டு போயிருக்கிறார். "எது சரி அத்தை? குழந்தைக்கு எதுவும் ஆகக் கூடாது. ஆனா தேவையில்லாம ஆபரேஷனும் வேண்டாம்" என்றாள்.

நான் லேபர் வார்டில் 16 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இதே கேள்வியை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் மாமியார்களும் கணவன்மார்களும் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள், பல சமயம் நின்று பதில் சொல்ல நேரம் இருந்ததில்லை. அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் உங்கள் கேஸைப் பார்த்துச் சொல்வதற்கு இது மாற்று இல்லை. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

## முதலில், என்னத்தைக் கேட்கிறோம்?

ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை இறுகுகிறது. இறுகும்போது அதன் சுவருக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு, நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் கொஞ்ச நேரம் குறையும், வலி விட்டதும் பழையபடி ஓடும். நன்றாக வளர்ந்த குழந்தைக்கு இது கிணற்றில் முங்கி எழுவது மாதிரிதான், தாங்கும். வளர்ச்சி குறைந்த குழந்தையோ, மேலே வந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி மறுபடி அழுத்தப்படும் குழந்தையோ திணறும். அந்தத் திணறலை வெளியிலிருந்து நமக்குக் காட்டிக்கொடுப்பது இதயத் துடிப்பு.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. ஆனால் எண் மட்டும் போதாது. தலை அழுந்துவதால் வலியோடு சேர்ந்து இறங்கி வலியோடு சேர்ந்து ஏறும் இறக்கம் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வலி விட்ட பிறகும் துடிப்பு கீழேயே இருந்து மெதுவாக ஏறினால், அதுவும் ஒவ்வொரு வலிக்கும் அப்படியே நடந்தால், அதுதான் கவலை. அதனால்தான் எந்தக் கருவியாக இருந்தாலும் வலி முடிந்த கையோடு, ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டு வலிக்கு நடுவில் சாவகாசமாக வந்து பத்து நொடி கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று போவதில் பிரயோஜனம் இல்லை.

கொடி சுற்றியிருக்கிறது என்றதும் நம் வீடுகளில் ஒரு பயம் வந்துவிடும், மாமனுக்கு ஆகாது என்பதுவரை பேச்சு போகும். கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம், பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. ஸ்கேனில் பார்த்த கொடியைவிட, வலியின்போது அந்தக் கொடி அழுந்தித் துடிப்பு சட்டென்று விழுகிறதா என்பதே முக்கியம்.

## எதை வைத்து எடை போடுவது

மெஷின் புதுசா பழசா என்பதை விட்டுவிடுங்கள். நான் பார்ப்பது இவைதான்: நிஜமான ஆபத்தைத் தவறவிடாமல் பிடிக்கிறதா, இல்லாத ஆபத்தைக் காட்டி எத்தனை பேரை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புகிறது, அம்மா எழுந்து நடக்க முடிகிறதா, அதைச் சரியாகச் செய்ய எத்தனை ஆள் வேண்டும். இன்னொன்று உண்டு, யாரும் கேட்பதில்லை: துடிப்பு விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அந்த இடத்தில் என்ன செய்ய முடியும்? இரவு இரண்டு மணிக்கு டாக்டர் எத்தனை நிமிடத்தில் வருவார், மயக்க மருந்து டாக்டர் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா, இல்லை வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் புண்ணியமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது. மாதம் நிரம்பி, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, பிரஷர் சுகர் சரி, வலி தானாக வந்தது என்றால் ஒரு கணக்கு. இதில் ஒன்று மாறினாலும் வேறு கணக்கு.

## குழாய்

மரத்திலோ அலுமினியத்திலோ செய்த சின்ன ஊதுகுழல் மாதிரி இருக்கும். ஒரு முனை வயிற்றில், மறுமுனை நர்ஸின் காதில். பிரெஞ்சு டாக்டர் அடோல்ஃப் பினார்ட் 1895ல் வடிவமைத்தது, இன்றைக்கும் பல வார்டுகளில் டிராயருக்குள் கிடக்கும். மின்சாரம், பேட்டரி, ஜெல் எதுவும் வேண்டாம். இன்னொரு நல்ல குணம், இதில் கேட்பது குழந்தை இதயத்தின் நேரடிச் சத்தம், மெஷின் உண்டாக்கும் சத்தம் இல்லை. மற்ற கருவிகளில் குழப்பம் வரும்போது பழைய சிஸ்டர்கள் குழாயைத் தேடுவது அதனால்தான்.

குறை என்னவென்றால், காது பழக வருடங்கள் ஆகும். பெண் அசையாமல் படுத்திருக்க வேண்டும், கேட்பவருக்கு மட்டும்தான் கேட்கும். 1994ல் வெளியான ஒரு ஆய்வு, ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1,255 பெண்களிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டது. வார்டின் வழக்கமான முறையில் குழாய் வைத்துக் கேட்டபோது துடிப்பில் கோளாறு என்று பிடிபட்டது 9 சதவீதம். அதே குழாயை, அந்த வேலைக்கென்றே நியமித்த தாதி வைத்துக் கேட்டபோது 15. டாப்ளரில் 32, சி.டி.ஜி. மெஷினில் 54. பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது குழாய்ப் பிரிவுகள் இரண்டில் மட்டும்தான். ஆனால் சிசேரியன் மெஷின் பிரிவில் 28 சதவீதம், டாப்ளரில் 24, தாதி கேட்ட குழாய்ப் பிரிவில் 10. இந்த எண்களைப் பார்த்தால் என் முழுக் கட்டுரையும் அதற்குள் இருக்கிறது: கருவி கூர்மையாக ஆக ஆபத்தும் கூடுதலாகப் பிடிபடும், கத்தியும் கூடுதலாக விழும். 9லிருந்து 15க்கு ஏறியதற்குக் குழாய் காரணமில்லை, அது அதே குழாய்தான்; உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்ததுதான் காரணம்.

டாப்ளர் கிடைக்கும் இடத்தில் குழாயை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். மின்வெட்டு வரும் சின்ன சுகாதார நிலையத்தில் அது இருந்தே ஆக வேண்டும்.

## கை டாப்ளர்

கைக்கு அடங்கும் மெஷின், ஜெல் தடவி அடிவயிற்றில் வைத்தால் குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். நின்றுகொண்டோ, பக்கவாட்டில் படுத்தோ, கட்டிலைப் பிடித்துக் குனிந்தோ எப்படி இருந்தாலும் வைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கும் கேட்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். வலியில் துவண்டு கிடந்த பெண் அந்தச் சத்தம் கேட்டதும் முகம் மாறுவதை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன், இதை எந்த ஆய்வும் எண்ணாது.

ஆபத்தான நிலையில் இல்லாத, தானாக வலி வந்த பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொன்னது இப்படி இடைவெளி விட்டுக் கேட்பதைத்தான், டாப்ளரிலோ குழாயிலோ. வலி பிடித்துக் கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. சந்தேகமாக இருந்தால் குறைந்தது மூன்று வலிகள் வரை தொடர்ந்து கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பெண்களுக்குத் தொடர்ச்சியான சி.டி.ஜி.யை அந்த வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஆக, "பெல்ட் இல்லையா, அப்போ கவனிப்பே இல்லையா" என்று நினைக்க வேண்டியதில்லை, ஒழுங்காகச் செய்தால் இது முழுமையான கவனிப்பு.

ஒழுங்காகச் செய்தால். அங்கேதான் மறைந்திருக்கும் விலை. ஒரு நர்ஸிடம் ஐந்தாறு வலிப் பெண்கள் இருந்தால், அதில் ஒருத்திக்குத் தலை தெரிந்து எல்லோரும் அங்கே ஓடினால், மற்றவர்களின் அரை மணி ஒரு மணியாகும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பிரசவம் எப்படிப் போகிறது என்று குறித்து வைக்கும் பார்டோகிராஃப் தாளில் 140, 142, 138, 140 என்ற மாதிரி ஆறு எண்கள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தக் குழந்தை அழாமல் பிறந்தது, பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. எழுதியவர் கெட்டவர் இல்லை, அன்று இரவு அவர் தனி ஆள். நானும் கூட்டமான இரவுகளில் தாமதமாகக் கேட்டிருக்கிறேன், தாமதமாக எழுதியிருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. இடைவெளி விட்டுக் கேட்கும் முறை நம்பியிருப்பது மெஷினை இல்லை, ஒரு மனுஷியின் நேரத்தை.

அப்புறம் ஒரு தொழில் விஷயம். டாப்ளர் சில சமயம் அம்மாவின் ரத்தக் குழாய்ச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், வலியில் அம்மாவின் நாடியே 120 வரை போகலாம், குழந்தை நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அதனால் கேட்கும்போதே மறுகையால் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நர்ஸ் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடி வயிற்றில் மெஷின் வைத்தால், அவருக்கு வேலை தெரியும் என்று நிம்மதியாக இருங்கள்.

## அட்மிஷன் ஸ்ட்ரிப்

வந்ததும் 20 நிமிடம் பெல்ட் கட்டி ஒரு தாள் எடுத்துப் பார்ப்பது. நம் ஊரில் என்.எஸ்.டி. எடுப்பது என்று சொல்வார்கள். தனியாரில் அநேகமாக எல்லோருக்கும் எடுக்கிறார்கள். ஒரு ஆரம்பக் கணக்கு கிடைக்கட்டுமே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. ஆனால் 13,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆபத்து இல்லாத பெண்களுக்கு இதனால் குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியன் சுமார் 20 சதவீதம் கூடுவது மாதிரி இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்: குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் கோடு தட்டையாக வரும், 40 நிமிடம் வரைகூட அப்படி இருக்கலாம். "சரி, இன்னும் கொஞ்ச நேரம் விடுவோம்" என்று கட்டிய பெல்ட் அப்புறம் அவிழ்வதே இல்லை.

மாசமாக இருக்கும்போது குழந்தை அசைவு குறைந்தது என்று ஓடிவந்தவருக்கு எடுக்கும் என்.எஸ்.டி. வேறு விஷயம். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

## தொடர்ந்து பெல்ட்: சி.டி.ஜி.

வயிற்றில் இரண்டு வட்டுகள், இரண்டு பெல்ட்டுகள். ஒன்று குழந்தையின் துடிப்பு, இன்னொன்று வலி வரும் நேரம். இரண்டும் ஒரே தாளில் மேலும் கீழுமாகக் கோடு போட்டுக்கொண்டே வரும். வலியின் பலத்தை அந்த இரண்டாவது வட்டு அளப்பதில்லை, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பது மட்டும்தான். தாளில் மலை உயரமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் விடாமல் பார்ப்பதுதானே சிறந்தது? 1985ல் வெளிவந்த, அயர்லாந்தின் டப்ளின் நகர ஆய்வில் ஏறக்குறைய 13,000 பெண்கள், பாதிப் பேருக்குத் தொடர்ந்து மெஷின், பாதிப் பேருக்கு இடைவெளி விட்டுக் காதால் கேட்பது. பிறந்ததும் வலிப்பு வந்த குழந்தைகள் மெஷின் பக்கம் 12, காது பக்கம் 27. இது நிஜமான லாபம். ஆனால் நான்கு வயதில் பார்த்தபோது மூளை முடக்குவாதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு 37,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட 13 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: வலிப்பு பாதியாகிறது, குழந்தை இறப்பிலும் மூளை முடக்குவாதத்திலும் தெளிவான வித்தியாசம் இல்லை, சிசேரியன் 60 சதவீதம் அளவுக்கு அதிகம், ஆயுதம் போட்டு எடுப்பதும் கொஞ்சம் அதிகம்.

ஏன் இப்படி? கோடு நன்றாக இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று கிட்டத்தட்ட நம்பலாம். கோடு மோசமாக இருந்தால் குழந்தை மோசமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அப்படிப்பட்ட தாள்களோடு தியேட்டருக்குப் போய், எடுத்ததும் வீறிட்டு அழுத குழந்தைகள்தான் அதிகம். ஒரே தாளை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிப்பார்கள். டப்ளினில் சிசேரியன் பெரிதாக ஏறவில்லை. அங்கே சந்தேகம் வந்தால் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அமிலத்தன்மை பார்க்கும் வசதி இருந்தது. நான் வேலை பார்த்த எந்த மருத்துவமனையிலும் அது இருந்ததில்லை. உள்ளே கைவிட்டுத் தலையை லேசாக வருடிப் பார்த்து, துடிப்பு ஏறினால் நிம்மதி அடைவது ஒன்றுதான் எங்களிடம் இருந்த வழி. சந்தேகத்தைத் தீர்க்க வழி இல்லாத இடத்தில் சந்தேகம் ஒவ்வொன்றும் சிசேரியனாக முடியும்.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 21.5தான். இதற்கெல்லாம் பெல்ட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல. ஆனால் "குழந்தை துடிப்பு சரியில்லைன்னு எடுத்துட்டாங்க" என்ற வாக்கியம் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கேட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பில்லில் வராத செலவுகள் இன்னும் உண்டு. கோடு அறுந்துவிடக் கூடாது என்று பெண்ணை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள், மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பின்னால் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, அதனாலேயே துடிப்பு இறங்கும். பாத்ரூம் போக ஆள் கூப்பிட வேண்டும். நடந்தால் குறைகிற வலி படுத்தால் கூடும். வட்டு நழுவினால் மெஷின் கத்தும், வீட்டார் பதறுவார்கள். மெல்ல மெல்ல எல்லோருடைய கண்ணும் அந்தத் திரைமேல் போய்விடும், நடுவில் படுத்திருப்பவளை யாரும் பார்க்க மாட்டார்கள், இதைச் சொல்லும்போது நர்ஸ்களான எங்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை, சில வருடத்தில் வெளிறிப் போகும், பின்னால் தேவைப்படும் என்று தோன்றினால் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். முதல் பிரசவமே சிசேரியன் என்றால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தையலில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், பெல்ட் கட்டாயம் வேண்டும் என்று நானே சண்டை போடும் நிலைமைகள் இருக்கின்றன. பிரஷர் ஏறியவர்கள், சுகருக்கு இன்சுலின் போடுபவர்கள், வளர்ச்சி குறைந்த குழந்தை, இரட்டை, மாதம் நிரம்பாத பிரசவம், முன்பு சிசேரியன் ஆகி இப்போது சுகப்பிரசவம் முயல்பவர்கள், காய்ச்சல், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து பச்சையாக நீர் வருவது, வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டது, இடைவெளி விட்டுக் கேட்டபோது ஏதோ சரியில்லை என்று பட்டது.

இந்த வரிசையில் முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் மறக்கக் கூடாது: வலி வர வைக்கும் டிரிப்ஸ். ஆக்ஸிடோசின் ஏற்றியதும் வலிகள் நெருக்கமாக வரும், பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் போனால் குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளியே இருக்காது. காலையில் ஆபத்து இல்லாத பட்டியலில் இருந்த பெண், டிரிப்ஸ் ஏறிய நிமிடத்தில் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறாள். நம் ஊரில் டிரிப்ஸ் சர்வசாதாரணம். தானாக நல்ல வலி வந்து நடந்துகொண்டிருப்பவளைப் பெல்ட் போட்டுக் கட்டிலில் கட்டுவதும், டிரிப்ஸ் ஓடுபவளை அரை மணிக்கு ஒருமுறை டாப்ளரில் பார்ப்பதும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நடந்து பார்த்திருக்கிறேன். இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும்.

## மற்றவை, சுருக்கமாக

வயர் இல்லாத சி.டி.ஜி. சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது, பெல்ட் அவசியம் என்றால் இது இருக்கிறதா என்று கேளுங்கள், நடக்கலாம், உட்காரலாம். அதே கோடு, அதே சந்தேகங்கள், விடுதலை மட்டும் கூடுதல்.

குழந்தையின் உச்சந்தலைத் தோலில் சின்னக் கம்பியைப் பொருத்திப் பார்ப்பது, வெளியிலிருந்து சரியாகக் கிடைக்காதபோது. பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும், தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி போன்ற தொற்று இருந்தால் கூடாது. நம்மிடம் அபூர்வம்.

தாளைக் கம்ப்யூட்டரே படித்து எச்சரிக்கும் மென்பொருள் வந்துவிட்டது, இனி தவறே வராது என்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 46,000 பெண்களிடம் பார்த்து 2017ல் வெளியான ஆய்வில் அதனால் குழந்தைகளுக்கு லாபம் எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்க டாப்ளர் வாங்கலாமா என்று கேட்கும் கணவன்மார்களுக்கு: வேண்டாம். அசைவு குறைந்த அன்று வீட்டில் ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு "துடிப்பு வருது" என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள், அது அம்மாவின் சொந்த ரத்தக் குழாயாக இருக்கும். அசைவு குறைந்தால் உடனே மருத்துவமனை, வேறு வழி இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குழாய் | கை டாப்ளர் | அட்மிஷன் ஸ்ட்ரிப் | தொடர் சி.டி.ஜி. |
|---|---|---|---|---|
| ஆபத்தைப் பிடிப்பது | கேட்பவர் காதைப் பொறுத்தது | நல்லது, நேரத்துக்குக் கேட்டால் | அந்த 20 நிமிடம் மட்டும் | மிக அதிகம் |
| வீண் பயம் | குறைவு | நடுத்தரம் | கொஞ்சம் கூடுதல் | அதிகம் |
| நடமாட்டம் | கேட்கும்போது மட்டும் படுக்க வேண்டும் | எந்த நிலையிலும் | 20 நிமிடம் தடை | வயர் இருந்தால் கட்டிலோடு |
| ஆள் தேவை | பழகிய ஒருவர், அடிக்கடி | ஒருவர், அடிக்கடி | குறைவு | தாளைப் படிக்கத் தெரிந்தவர் எப்போதும் |
| மறைந்த விலை | தவறவிடுவது | ஆள் இல்லாவிட்டால் வெறும் எண்கள் | பெல்ட் நிரந்தரமாவது | தேவையற்ற ஆபரேஷன், மல்லாந்து படுப்பது |
| எப்போது நல்லது | மின்சாரம் இல்லாதபோது, சந்தேகம் தீர்க்க | ஆபத்தில்லாத, தானாக வந்த வலி | வந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டால் | டிரிப்ஸ், பிரஷர், பச்சை நீர், முன்பு சிசேரியன் |

அட்டவணையில் அடங்காத ஒரு நிலைமை இருக்கிறது. ஆபத்து எதுவும் இல்லாத பெண், ஆனால் வார்டில் கூட்டம், ஒரே நர்ஸ், அரை மணிக்கு ஒருமுறை யாரும் வரப்போவதில்லை என்பது கண்கூடு. அப்போது என்ன? அங்கே நான் பெல்ட்டுக்கு ஒத்துக்கொள்வேன், மனசில்லாமல். கேட்கப்படாத டாப்ளரைவிடக் கட்டப்பட்ட பெல்ட் மேல். அதுவும் அந்தத் தாளை யாராவது வந்து பார்த்தால்தான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க விடச் சொல்லிக் கேளுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடிகூட பெல்ட் கட்டலாம், கொஞ்சம் பொறுமையாக வட்டைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

## அட்மிட் ஆகும் முன் கேட்க வேண்டியவை

வலி வந்த பிறகு யாராலும் இதையெல்லாம் பேச முடியாது, 36, 37வது வாரச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு ஆபத்து ஏதும் இல்லையென்றால் டாப்ளரில் பார்ப்பீர்களா? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்? டிரிப்ஸ் போட்டால் பெல்ட் உண்டா? துடிப்பு இறங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "டிரிப்ஸை நிறுத்துவோம், இடது பக்கம் திருப்புவோம், பிரஷர் பார்ப்போம், உள்ளே சோதித்துக் கொடி இறங்கியிருக்கிறதா பார்ப்போம், அப்புறமும் ஏறவில்லையென்றால் தியேட்டர்" என்ற மாதிரி பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். "உடனே எடுத்துடுவோம்" என்று மட்டும் வந்தால் இன்னொரு இடத்தையும் விசாரியுங்கள். மறுபுறம், நிஜமாகவே துடிப்பு 80க்கு விழுந்து நிமிடக்கணக்கில் ஏறாமல் இருக்கும்போது வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்று கையெழுத்தைத் தாமதப்படுத்தாதீர்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் மூளைக்குப் போகிற ரத்தம்.

கூட ஒருவர் இருக்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க அனுமதி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை.

என் அண்ணன் மகள் நேற்று செக்கப்புக்குப் போய் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டாக்டர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாராம், கோபப்படவில்லை. வந்ததும் 20 நிமிட ஸ்ட்ரிப் ஆஸ்பத்திரி வழக்கம், அதை விட முடியாது, அது சரியாக இருந்தால் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு டாப்ளர், டிரிப்ஸ் போட நேர்ந்தால் மறுபடி பெல்ட் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்டிருந்தாலும் இதற்கு மேல் வாங்கியிருக்க மாட்டேன். அண்ணிதான் உள்ளே துணைக்கு இருக்கப் போகிறார். பையில் குழந்தைத் துணிக்கு மேலே ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் வந்து கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்வதும், அரை மணி தாண்டியும் யாரும் வரவில்லையென்றால் எழுந்து போய்க் கூப்பிடுவதும் அண்ணியின் வேலை.